எதிரிக்கும் அச்சமுண்டு

பகை நாடு தம்மைத் தாக்கத் தயாராகின்றது என்ற முடிவுக்கு ஆட்சியாளர்கள் எவ்வாறு வருகின்றார்கள்? படைகளையும் ஆயுதங்களையும் கணக்கிட்டு என்பதே வழக்கமான விடை. ஆனால், பழைய காயமும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொள்கின்றது என்பதற்கு 1983 ஆம் ஆண்டின் வரலாறு சான்று.

1941 ஜூன் 22 இல் ஹிட்லரின் படைகள் சோவியத் யூனியன் மீது பாய்ந்தன. முன்னரே கிடைத்த எச்சரிக்கைகளை ஸ்டாலின் நம்ப மறுத்திருந்தார். அந்த அழிவைக் கண்ட தலைமுறையே 1980களின் தொடக்கத்தில் மொஸ்கோவில் ஆட்சியிலிருந்தது. மீண்டும் ஏமாறக்கூடாது என்பதே அவர்கள் கற்ற பாடம். கே.ஜி.பி.யின் தலைவராக இருந்த யூரி அந்திரோபோவ், அமெரிக்கா திடீர் அணுத்தாக்குதலுக்குத் தயாராகும் அறிகுறிகளைக் கண்டறிவதற்காக 1981 இல் 'ரியான்' என்ற நடவடிக்கையை ஆரம்பித்தார். பாதுகாப்பு அமைச்சுக் கட்டடங்களில் இரவில் எத்தனை விளக்குகள் எரிகின்றன, இரத்த வங்கிகள் வழமையைவிட அதிகமாக இரத்தம் சேகரிக்கின்றனவா என்றெல்லாம் கவனிக்குமாறு உளவாளிகள் பணிக்கப்பட்டனர்.

லண்டனில் கே.ஜி.பி. அதிகாரியாக இருந்துகொண்டே பிரிட்டனுக்கு இரகசியத் தகவல்களை வழங்கிய ஒலெக் கோர்டியெவ்ஸ்கி பின்னர் வெளியிட்ட விபரம் கவனத்திற்குரியது. அங்கிருந்த அதிகாரிகள் அத்தகைய தாக்குதல் வருமென்று நம்பவில்லை. ஆயினும், மேலிடம் கேட்டதால் அறிகுறிகளை அனுப்பினர். அவற்றைப் படித்த மேலிடம் மேலும் அச்சமடைந்தது. செய்தி மேசையில் நீண்டகாலம் இருந்தவன் என்ற முறையில் இதில் எனக்கு வியப்பில்லை. தலைப்பை முதலில் தீர்மானித்துவிட்டால் அதற்கேற்ற செய்தி எப்படியும் வந்து சேரும்.

1983 மார்ச்சில் ஜனாதிபதி ரீகன் சோவியத் யூனியனைத் தீய சாம்ராஜ்யம் என்று வர்ணித்தார். செப்டெம்பர் முதலாம் திகதி சோவியத் போர் விமானம் தென்கொரியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியதில் 269 பேர் பலியாகினர். நவம்பரில் நேட்டோ 'ஏபிள் ஆர்ச்சர்' என்ற பெயரில் அணுவாயுதப் பிரயோகத்திற்கான ஒத்திகையை நடத்தியபோது, கிழக்கு ஜேர்மனியிலும் போலந்திலும் சோவியத் விமானப் படைப்பிரிவுகள் உஷார்படுத்தப்பட்டன. போர் எவ்வளவு நெருங்கி வந்தது என்பதில் வரலாற்றாய்வாளர்கள் இன்றும் முரண்படுகின்றனர்.

தமது நோக்கம் சமாதானமானது என்பது எதிராளிக்கும் தெளிவாகத் தெரியும் என்று ஆட்சியாளர்கள் எண்ணிக்கொள்வதை, அரசியல் அறிஞர் றொபேர்ட் ஜேர்விஸ் 1976 இல் வெளியான தமது நூலில் விளக்கியிருந்தார். சோவியத் தலைவர்கள் அமெரிக்காவைக் கண்டு உண்மையாகவே அஞ்சினார்கள் என்று அறிந்தபோது தாம் வியப்படைந்ததாக ரீகன் 1990 இல் வெளியான சுயசரிதையில் ஒப்புக்கொண்டார்.

அதே 1983 இல், செப்டெம்பர் 26 அதிகாலையில், அமெரிக்காவிலிருந்து 5 ஏவுகணைகள் வருவதாகச் சோவியத் எச்சரிக்கைக் கருவிகள் காட்டின. கடமையிலிருந்த லெப்டினன்ட் கேணல் ஸ்ரனிஸ்லாவ் பெட்ரோவ், அணுவாயுதப் போரை ஆரம்பிப்பவர்கள் 5 ஏவுகணைகளுடன் நிறுத்திக்கொள்வார்களா என்று சிந்தித்து, அது தவறான எச்சரிக்கை என அறிவித்தார். முகில்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியே செய்மதியை ஏமாற்றியிருந்தது. அவர் எதிரியை நம்பவில்லை. எதிரியின் இடத்தில் நின்று யோசித்தார்.

1987 டிசம்பரில் ரீகனும் கொர்பச்சேவும் கைச்சாத்திட்ட நடுத்தர வீச்சு ஏவுகணை ஒழிப்பு உடன்படிக்கை 2019 இல் முடிவுக்கு வந்துவிட்டது. ஏவுகணைகளை எண்ணுவதற்கு இன்று செய்மதிகள் ஏராளம். எதிர்த்தரப்பு எதற்காக அஞ்சுகின்றது என்பதை எந்தச் செய்மதியும் படம்பிடித்துத் தராது.