முட்டைக்குள் சேவலா, பெட்டையா? ஒரு நூறாண்டுக் கதை



தினமும் முட்டை சாப்பிடுகிறோம். அந்த முட்டையை இட்ட பெட்டையோடு பொரித்த சேவல் குஞ்சு என்ன ஆனது என்று கேட்டதுண்டா? முட்டைக்காகவே உருவாக்கிய இனங்களில் சேவல் முட்டையும் இடாது, கறிக்கோழி போல வேகமாக எடையும் போடாது. அதற்குத் தீனி போட்டால் நஷ்டம். ஆகவே பொரித்த அன்றே அரைவை இயந்திரத்திலோ கரியமில வாயுவிலோ கொன்றுவிடுகிறார்கள். உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 700 கோடி என்கிறது மதிப்பீடு. நம் சந்தைகளில் சாயம் ஏற்றி விற்கும் கலர் கோழிக்குஞ்சுகளும் பெரும்பாலும் இப்படி ஒதுக்கப்பட்ட சேவல்கள்தாம்.

இது பழங்காலத்து வழக்கம் அல்ல. அன்று பிறந்த குஞ்சைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல ஆளில்லை. கொண்டை வளரும்வரை பொறுத்திருப்பார்கள். பிறகு சேவல் குழம்புக்கு, பெட்டை முட்டைக்கு.

முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் உணவுத் தட்டுப்பாடு. சில இனங்களைக் கலந்தால் குஞ்சின் நிறத்தை வைத்தே சேவலைப் பிரித்துத் தீனியை மிச்சப்படுத்தலாம் என்று ஒரு கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி யோசனை சொன்னார். அவர் பெயர் பன்னட். பிளஸ் டூ உயிரியலில் கட்டம் போட்டீர்களே, அதே பன்னட்தான்!

அடுத்த படி ஜப்பானில். குஞ்சின் எச்சத் துவாரத்தை மெல்ல விரித்துப் பார்த்தால், உள்ளே இருக்கும் சிறு மொட்டைக் கொண்டு ஆணைக் கண்டறியலாம் என்று மசுயி, ஹாஷிமோட்டோ முதலியோர் காட்டினார்கள். 1933இல் இம்முறை ஆங்கில நூலாகவும் வந்தது. ஜப்பானிய நிபுணர்கள் அமெரிக்கா வரை சென்று வேலை பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் முட்டைக்கு ஓர் இனம், கறிக்கு ஓர் இனம் என்று தொழில் இரண்டாகப் பிரிந்தது. சேவல் குஞ்சு கழிவுப் பொருளானது.

பல பத்தாண்டுகள் இப்படியே ஓடின. திருப்பம் ஜெர்மனியில் வந்தது. அங்கே ஆண்டுக்குச் சுமார் 4.5 கோடி குஞ்சுகள் கொல்லப்பட்டு வந்தன. நியாயமான காரணமின்றி விலங்கைத் துன்புறுத்தக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். அதைக் காட்டி 2013இல் ஒரு மாநில அரசு குஞ்சுகளைக் கொல்லத் தடை போட்டது. பொரிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. 2019 ஜூன் 13 அன்று லைப்சிக் நகரில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பண லாபம் மட்டும் நியாயமான காரணம் ஆகாது, ஆனால் மாற்று வழி கைக்கு வரும்வரை இப்போதைய முறை தொடரலாம்.

மாற்று வழி அப்போதே கருவில் இருந்தது. கோழி முட்டை பொரிக்க 21 நாள். லைப்சிக் பல்கலைக்கழக ஆய்விலிருந்து வளர்ந்த ஒரு முறையில், 9ஆம் நாளில் லேசரால் ஓட்டில் நுண்துளை இட்டு, ஒரு துளி திரவம் எடுத்து, பெண்ணுக்குரிய ஹார்மோன் உண்டா என்று சோதிப்பார்கள். ஆண் முட்டைகள் பொரிக்காமலே தீவனத்துக்குப் போய்விடும். 2018இல் இம்முறையில் வந்த கோழிகளின் முட்டை பெர்லின் கடைகளில் விற்பனைக்கு வந்தது. ஓட்டைத் துளைக்காமல், ஒளியைச் செலுத்தி உள்ளிருக்கும் இறகின் நிறம் பார்ப்பது இன்னொரு முறை. இறகு நிறத்தில் ஆண், பெண் வேறுபடும் பழுப்பு முட்டை இனங்களுக்குத்தான் இது உதவும். நாம் மருத்துவமனையில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் இப்போது முட்டைக்கு வந்துவிட்டது.

2022 ஜனவரி 1 முதல் ஜெர்மனியில் தடை அமலுக்கு வந்தது. பிரான்சும் தடை கொண்டுவந்தது.

உடனே அடுத்த கேள்வி: முட்டைக்குள் இருக்கும் கருவுக்கு வலிக்காதா? 6ஆம் நாளுக்குப் பின் கருவையும் அழிக்கக் கூடாது என்றே ஜெர்மன் சட்டம் முதலில் எழுதப்பட்டது. 13ஆம் நாளுக்கு முன் வலி உணர்வதற்கான அறிகுறி இல்லை என்று ஆய்வு சொன்ன பிறகு, எல்லையை 13ஆம் நாளுக்கு மாற்றினார்கள். இன்னொரு ஓட்டையும் உண்டு. தடை ஜெர்மனியில் பொரிக்கும் குஞ்சுகளுக்கு மட்டுமே. வெளிநாட்டில் பொரித்த பெட்டைகளை வாங்கி வரலாம்.

குறைகள் இருக்கட்டும். இந்தக் கதையில் எனக்குப் பட்டது ஒன்று. நூறாண்டாக எல்லோரும் "எப்படிச் சீக்கிரம் பிரிப்பது?" என்றே கேட்டார்கள். "கொல்ல இது போதுமான காரணமா?" என்று சட்டத்தின் முன் கேட்ட பிறகுதான் இயந்திரங்கள் ஆய்வுக்கூடத்தை விட்டு வேகமாக வெளியே வந்தன.

அந்தத் தொழில்நுட்பத்தால் முட்டை விலை கொஞ்சம் கூடும். கூடுதலாகக் கொடுத்து வாங்குவீர்களா? மனத்தில் பட்டதை எழுதுங்கள். கோழிப்பண்ணைத் தொழிலில் இருக்கும் பிள்ளைகள் அவசியம் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்