பார்க்க பொம்மை, தொட்டால் விஷம்: 'ப்ளூ டிராகன்' என்றால் என்ன?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓய்ந்த பிறகு, சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் நீல நிறத்தில் குட்டிக் குட்டி உயிரினங்கள் ஒதுங்கிக் கிடந்தன. பார்க்க பொம்மை மாதிரி இருக்கும். ஆனா, கையில எடுத்தா கொட்டிடும்!

இதுதான் 'ப்ளூ டிராகன்'. அறிவியல் பெயர் கிளாக்கஸ் அட்லாண்டிகஸ். பெயரில்தான் டிராகன், உண்மையில் இது ஓடு இல்லாத கடல் நத்தை. முழுசா வளர்ந்தாலே சுமார் 3 சென்டிமீட்டர்தான்.

இந்த வகை நத்தைகள் பெரும்பாலும் கடலுக்கு அடியில் ஊர்ந்து திரியும். ப்ளூ டிராகன் அப்படி இல்லை. காற்றை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொண்டு, வெப்பமான கடல்களின் மேற்பரப்பில் மல்லாக்க மிதக்கும். காற்றும் நீரோட்டமும் எங்கே தள்ளுதோ, அங்கே போகும். பலத்த காற்று கரைப்பக்கம் வீசினால், கூட்டமாக மணலில் வந்து விழும்.

நாம் ரசிக்கும் அந்த நீலம், அதன் வயிற்றுப்பக்கம். மேலே பறக்கும் பறவைக்கு அது கடலின் நீலத்தோடு கலந்துவிடும். முதுகு வெள்ளி நிறம் என்பதால், கீழே இருந்து பார்க்கும் மீன் கண்ணிலும் சட்டெனப் படாது.

விஷம் எங்கிருந்து வருது?

திருட்டு விஷம்தான்! இதற்குப் பிடித்த உணவு, ஜெல்லி மீனின் உறவான 'போர்த்துகீசிய போர்க்கப்பல்'. அதன் நீண்ட இழைகள் முழுக்க கொட்டும் செல்கள். இந்த நத்தை அந்த இழைகளையே தின்கிறது. கொட்டும் செல்களை மட்டும் செரிக்காமல், வெடிக்காமல் உடலுக்குள் கடத்தி, விரல் போன்ற நீட்சிகளின் நுனியில் சேர்த்துவைக்கிறது. விஷம் ஒரே இடத்தில் குவிவதால், இரையைவிடக் கடுமையாகவும் கொட்டலாம். தின்றது போக மிச்சமுள்ள இரையின் மேலேயே முட்டையும் இடும். எவ்வளவு தெளிவு பாருங்க!

2025 ஆகஸ்டில் ஸ்பெயினின் குவார்டமார் டெல் செகுரா கடற்கரையில் சில ப்ளூ டிராகன்கள் தென்பட்டதற்கே, மக்கள் கடலில் இறங்கத் தடை போட்டார்கள்.

கொட்டினால் கடுமையான வலி, சிவப்புத் தடிப்பு, வாந்தி வரலாம். கொட்டிய இடத்தைத் தேய்க்காமல் கடல் நீரால் கழுவி, மருத்துவரிடம் போவது நல்லது. மூச்சுத்திணறல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

செத்துக் கிடந்தாலும் இது கொட்டும். ஒன்றைப் பார்த்துவிட்டால் அந்தப் பக்கம் தண்ணீரில் இறங்காதீங்க; அதன் இரையான போர்க்கப்பலும் அங்கேயே மிதந்துகொண்டிருக்கலாம்.