புல்லிலிருந்து வந்த மாத்திரை

கோலா தெர்லாவில் வார்ஃபரின் மாத்திரையைப் பற்றி இரண்டு பேச்சு உலவுகிறது. ஒன்று, "அது எலி மருந்து, அதைப் போய் மனுசனுக்குக் குடுக்குறாங்க." இன்னொன்று, "அது கெமிக்கல், நம்ம மூலிகை இயற்கை, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தொந்தரவு பண்ணாது." முதல் பேச்சு உண்மை. ஆபத்தானது இரண்டாவதுதான். அதைச் சொல்கிறவர்களுக்கு அந்த மாத்திரையின் பிறப்பிடம் தெரியாது. தெரிந்தால் இத்தனை நிம்மதியாகச் சொல்லமாட்டார்கள்.

வார்ஃபரின் ஒரு மாட்டுத் தீவனத்திலிருந்து வந்தது.

1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கிலும் பண்ணை மாடுகள் காரணமில்லாமல் ரத்தம் கொட்டிச் செத்தன. கொம்பு அறுத்தால் ரத்தம் நிற்கவில்லை. காயடித்தால் கன்று பிழைக்கவில்லை. ஒண்டாரியோவின் கால்நடை மருத்துவர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்டு, மாடுகள் தின்ற ஸ்வீட் குளோவர் வைக்கோலைச் சந்தேகித்தார். நல்ல தண்டுகளையும் பூசணம் பிடித்த தண்டுகளையும் பிரித்து முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். நல்லதைத் தின்ற முயல் பிழைத்தது, கெட்டதைத் தின்றது ரத்தம் கசிந்து செத்தது. (இதே ஸ்கோஃபீல்டு 1919இல் கொரியாவில் இருந்தவர். ஜப்பானியர்கள் அங்கே நடத்திய கொடுமைகளைப் படமெடுத்து வெளியுலகுக்குக் காட்டியவர். கொரியர்கள் இன்றும் அவரைத் தியாகி வரிசையில் வைத்துக் கும்பிடுகிறார்கள். அது தனிக் கதை.)

1933 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. விஸ்கான்சினில் எட் கார்ல்சன் என்ற விவசாயி பனிப்புயலில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் வண்டி ஓட்டி மேடிசன் நகருக்கு வந்தார். வண்டியில் செத்த கிடாரி ஒன்று, பால் கேனில் உறையாத ரத்தம், கெட்டுப்போன தீவனம் ஒரு மூட்டை. கால்நடை அலுவலகம் பூட்டியிருந்தது. திறந்திருந்த கதவு கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளருடையது. லிங்க்கால் அன்று செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. "அந்தத் தீவனத்தை நிறுத்துங்க" என்றுதான் சொல்ல முடிந்தது. கார்ல்சன் வெறுங்கையோடு திரும்பினார். பால் கேன் மட்டும் ஆய்வகத்தில் தங்கிவிட்டது.

அந்த ரத்தத்துக்குள் இருந்ததைப் பிடிக்க ஆறு வருடம் ஆனது. 1939இல் லிங்க்கின் ஆய்வகத்தில் ஹரால்டு கேம்ப்பெல் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். பெயர் டைகூமரால். ஸ்வீட் குளோவரின் இனிய வாசனைக்குக் காரணம் கூமரின் என்ற பொருள். அது ரத்தத்தை ஒன்றும் செய்வதில்லை. ஈரத்தில் கிடந்து பூசணம் பூத்தால், பூசணம் அந்தக் கூமரினை டைகூமராலாக மாற்றிவிடுகிறது. ஒரே செடிதான், காய்ந்த வருடத்தில் தீவனம், மழை பெய்த வருடத்தில் விஷம். "இயற்கையானதுதானே, என்ன செஞ்சிடப்போகுது" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த வைக்கோல்தான் ஞாபகத்துக்கு வரும்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. டைகூமராலைப் போலப் பல சேர்மங்களைச் செய்து பார்த்ததில் ஒன்று வீரியமாக இருந்தது. ஆய்வுக்குப் பணம் கொடுத்த விஸ்கான்சின் பழைய மாணவர் அறக்கட்டளையின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'வார்ஃப்'. அதற்குக் கூமரினின் வாலை ஒட்டினால் வார்ஃபரின். 1948இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. 1951இல் அமெரிக்க ராணுவத்தில் சேர்க்கப்பட்ட ஓர் இளைஞர் சாவதற்காக அதைத் தின்று, ஆஸ்பத்திரியில் வைட்டமின் கே கொடுத்ததும் பிழைத்துக்கொண்டார். மாற்று மருந்து இருக்கிறது என்று தெரிந்ததும் மருத்துவர்களுக்குத் தைரியம் வந்தது. 1954இல் மனிதருக்கு அனுமதி. 1955இல் மாரடைப்பு வந்த அதிபர் ஐசனோவருக்கும் இதே மருந்துதான்.

என் அக்காவுக்கு இது எதற்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு லூபஸ். அதோடு ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம். உடம்பின் காவல்படை தன் வீட்டுக்காரனையே திருடன் என்று நினைத்து அடிக்கும் நோய்கள். இரண்டு கர்ப்பம் கலைந்தது, பிறகு இடது காலில் ரத்தக்கட்டு. இந்த நோயில் ஒரு விசித்திரம் உண்டு: கண்ணாடிக் குழாயில் சோதித்தால் ரத்தம் மெதுவாக உறையும், உடம்புக்குள்ளோ வேண்டாத இடத்தில் உறையும். 1952இல் கான்லியும் ஹார்ட்மனும் குழாயில் தெரிந்ததை முதலில் எழுதினார்கள். முழு நோயையும் சேர்த்துப் பார்த்து 1983இல் அடையாளம் காட்டியவர் லண்டனின் கிரஹாம் ஹியூஸ். புதிய மாத்திரைகள் வந்துவிட்டனவே, எதற்கு இந்தப் பழையது என்று நானும் கேட்டேன். 2018இல் வெளியான இத்தாலிய ஆய்வில், இந்த நோய் கடுமையாக உள்ளவர்களுக்கு ரிவராக்சபான் கொடுத்தபோது வார்ஃபரின் எடுத்தவர்களைவிட அதிகம் பேருக்கு ரத்தக்கட்டும் பக்கவாதமும் வந்து, ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். ஆகவே அக்காவுக்கு எலி மருந்தேதான்.

அவளுடைய இன்னொரு மாத்திரை ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். அதற்கும் ஒரு மரத்து வம்சம் இருக்கிறது. சின்கோனா பட்டையின் குயினினை 1894இலேயே லண்டனில் பெய்ன் என்ற மருத்துவர் லூபஸுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1860இல் தொடங்கி நீலகிரியில் வெள்ளைக்கார அரசு சின்கோனாவை நட்டு வளர்த்தது. நடுவட்டத்தில் அதன் ஆலை இருந்தது. மலாயாத் தோட்டங்களில் நம் ஆட்களின் வாயில் காய்ச்சலுக்கு ஊற்றப்பட்ட கசப்பும் அதே குயினின்தான். இன்றைய மாத்திரை ஆய்வகத்தில் கட்டப்பட்டது, பட்டையிலிருந்து நேராக எடுத்ததில்லை. ஆனாலும் குயினின் இல்லாமல் அது பிறந்திருக்காது.

ஆக அக்காவின் மாத்திரை டப்பாவில் ஒரு தீவனச் செடியும் ஒரு மரப்பட்டையும் இருக்கின்றன. அவை எவ்வளவு கொடுத்தால் மருந்து, எவ்வளவு போனால் விஷம் என்று நூறு வருடமாக அளந்திருக்கிறார்கள். அலமாரியின் மேல்தட்டில் இருப்பவற்றை அப்படி யாரும் அளக்கவில்லை.

மேல்தட்டில் என்ன இருந்தது என்றால்: பக்கத்துக் காய்கறித் தோட்டத்துச் சீன அம்மா கொடுத்த டாங்குய் வேர், நேரடி விற்பனைக்காரர் தந்த மஞ்சள் கேப்சூல், ஊரிலிருந்து வந்த சீந்தில் சூரணம், மூட்டுக்குத் தடவும் தைலம் மூன்று புட்டி. எல்லாம் அன்பாகக் கொடுத்தவை. கர்ப்பம் கலைந்தவளுக்கு டாங்குய் சூப்பு வைத்துக் கொடுப்பது சீன வீட்டு மரியாதை, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் 1999இல் அமெரிக்காவில் பதிவான ஒரு நோயாளி, வார்ஃபரினோடு நான்கு வாரம் டாங்குய் சாப்பிட்டதும் அவருடைய ஐஎன்ஆர் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. நிறுத்திய பிறகு இறங்கியது.

ஐஎன்ஆர் என்பது ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் கணக்கு. மருந்தில்லாதவருக்கு ஒன்றை ஒட்டி இருக்கும். அக்காவுக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டும், கூடினால் கசியும். 'ரத்தத்தை இளக்கும் மருந்து' என்று நாம் சொல்வது உண்மையில் தவறு. ரத்தம் நீர்த்துப்போவதில்லை. ஈரல் வைட்டமின் கே-யை வைத்துத்தான் உறையவைக்கும் பொருள்களைச் செய்கிறது. வார்ஃபரின் அந்த வைட்டமினைத் திரும்பப் பயன்படுத்த விடாமல் தடுக்கிறது. அவ்வளவுதான்.

தைலத்தைப் பற்றித்தான் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள். "மேலுக்குத் தடவுறதுதானே, உள்ளுக்கா குடிக்கிறோம்?" 1990களில் ஹாங்காங் மருத்துவர்கள் இரண்டு பொருள்களைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதினார்கள். ஒன்று டான்ஷென் என்ற சிவப்பு வேர். இன்னொன்று மெத்தில் சாலிசிலேட் கலந்த தைலம். அதே பொருள்தான் ஊட்டிக் கடைகளில் விற்கும் வின்டர்கிரீன் எண்ணெய். ஆஸ்பிரினின் நெருங்கிய சொந்தம். தினமும் இரண்டு முழங்காலுக்கும் முதுகுக்கும் தேய்த்தால் தோல் வழியாக ரத்தத்தில் சேரும். குளிரூரில் மூட்டு வலிக்காரி எவ்வளவு தேய்ப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். அக்காவுக்குப் பல் ஈறில் ரத்தம் கசிந்து, தானா ராத்தா ஆஸ்பத்திரியில் ஐஎன்ஆர் பார்த்தபோது ஆறைத் தாண்டியிருந்தது. சூப்பா, தைலமா, கேப்சூலா, எது செய்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மூன்றும் ஒரே மாதத்தில் வந்தவை. இரண்டு புது விசயத்தை ஒன்றாக ஆரம்பிக்கவே கூடாது என்று மருந்தாளர் சொன்னதற்கு இதுதான் காரணம்.

மஞ்சளில் குழப்பம் அதிகம். குழம்பில் போடும் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டியதில்லை. கேப்சூலில் இருப்பது பல மடங்கு செறிவாக்கிய சாறு. சிலதில் அது நன்றாக உடம்பில் ஏற மிளகின் சத்தையும் சேர்க்கிறார்கள். 2018இல் நியூசிலாந்து அரசின் மருந்துத் துறை ஓர் எச்சரிக்கை விட்டது: வார்ஃபரின் எடுத்த ஒருவர் மஞ்சள் மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் ஐஎன்ஆர் பத்தைத் தாண்டியது. சீந்தில் வேறு வழியில் ஆபத்து. அது எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் என்றுதான் விற்கிறார்கள். லூபஸ்காரருக்கு அந்தச் சக்தி ஏற்கெனவே கூடிப்போய்த்தானே நோய்! கோவிட் காலத்தில் மும்பையில் சீந்தில் குடித்த ஆறு பேருக்கு ஈரல் பாதித்ததை 2021இல் மருத்துவர்கள் எழுதினார்கள். அடுத்த வருடம் இந்தியாவின் பல நகரங்களிலிருந்து 43 பேர் கணக்கு வந்தது. ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது, சண்டை இன்னும் தீரவில்லை. ஆனால் உறையவைக்கும் பொருள் ஈரலில்தான் தயாராகிறது. ஈரல் கெட்டால் வார்ஃபரின் கணக்கும் கெடும். அக்கா அந்தச் சண்டை முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

மூலிகையே இல்லாத 'மூலிகை'யும் உண்டு. மூட்டுவலிக்கு என்று பாசார் மாலாமில் விற்கும் சில பொட்டலங்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசிய சுகாதார அமைச்சு பலமுறை அறிவித்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டால் சந்தோசப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். பெட்டியில் 'மால்' என்று தொடங்கி 'டி' என்று முடியும் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்கலாம். எண் இருந்தால் பதிவான பாரம்பரிய மருந்து என்று பொருள். வார்ஃபரினோடு ஒத்துப்போகும் என்று பொருளில்லை. நீண்ட நாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, பொட்டலத்தையே கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

இதையெல்லாம் ஏன் ஆஸ்பத்திரியில் சொல்வதில்லை? எங்கள் பாட்டி சொல்லுவார்: தோட்டத்து டிரஸரிடம் கசாயம் குடித்தேன் என்று சொன்னால் திட்டு விழும், மருந்துத் தண்ணியும் கிடைக்காது. அதனால் லயத்தில் குடித்ததை லயத்திலேயே வைத்துக்கொண்டார்கள். அது அந்தக் காலத்துக்குச் சரியான புத்திதான். டிரஸர் கொடுத்த புட்டி கசாயத்தோடு மோதக்கூடிய மருந்தாக அனேகமாக இருந்ததில்லை. பேத்தி சாப்பிடுவது மோதும் மருந்து. பழக்கம் மட்டும் பரம்பரையாக வந்துவிட்டது. இப்போது மலேசியாவில் 2016ஆம் வருடத்துச் சட்டமே பாரம்பரிய மருத்துவத்தை அங்கீகரிக்கிறது, சித்தாவும் ஆயுர்வேதமும் அதற்குள் வருகின்றன. அரசு ஆஸ்பத்திரிகளில் வார்ஃபரினுக்கென்றே மருந்தாளர் நடத்தும் கிளினிக் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து புட்டிகளை மேசைமேல் வைத்தால் திட்டுவதில்லை, எழுதிக்கொள்கிறார்கள்.

அக்காவுக்கு அங்கே கிடைத்த பதிலில் பாதி, கீரையைப் பற்றியது. கோலா தெர்லாவில் வீட்டைச் சுற்றி முழுக்கக் காய்கறித் தோட்டம்: கைலான், சாவி, வாட்டர்கிரஸ். எல்லாவற்றிலும் வைட்டமின் கே. "கீரையே தொடாதீங்க"ன்னு ஊரில் சொன்னார்கள். மருந்தாளர் அப்படிச் சொல்லவில்லை. வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை கரண்டி சாப்பிடுவீர்கள் என்று கேட்டு, அதே அளவை மாற்றாமல் சாப்பிடுங்கள் என்றார். மாத்திரை அளவை அதற்கேற்ப அவர் வைத்துக்கொள்வார். ஒரு வாரம் தட்டு நிறைய முருங்கைக்கீரை, மறுவாரம் ஒன்றுமில்லை என்பதுதான் கெடுதல். எதைப் புதிதாக ஆரம்பித்தாலும் நிறுத்தினாலும் முன்கூட்டிச் சொல்லி, ஒரு வாரத்தில் ஐஎன்ஆர் பார்க்க வேண்டும். மலம் கருத்தாலோ, சிறுநீர் சிவந்தாலோ, தலையில் அடிபட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. சீன அம்மாவின் வீட்டிலும் ஒருவர் வார்ஃபரின் சாப்பிடுகிறார், அவருடைய அளவு அக்காவுடையதில் பாதிதான். அக்கா அதைப் பார்த்துத் தன்னுடையதைக் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். கூடாது. 2006இல் சிங்கப்பூரில் வந்த ஆய்வின்படி சீனர், மலாய்க்காரரைவிட இந்தியர்களுக்கு அதிக அளவு தேவைப்படுகிறது. அது ஒரு மரபணுவின் வேலை.

கடைசியாக அவள் கேட்டது தேத்தண்ணி. அம்மா முப்பது வருடம் கிள்ளிய இலை, அதை விடச் சொன்னால் விடமாட்டாள். தேயிலையிலும் வைட்டமின் கே உண்டு. 1999இல் அமெரிக்காவில் ஒருவர் தினமும் இரண்டு முதல் நான்கு லிட்டர் பச்சைத் தேநீர் குடித்து, மூன்றரைக்கு மேல் இருந்த ஐஎன்ஆர் ஒன்றரைக்குக் கீழே விழுந்தது. ஆனால் அந்த வைட்டமின் கொழுப்பில் கரைவது, தண்ணீரில் கரையாது. வடிகட்டினால் பெரும்பகுதி சக்கையிலேயே நின்றுவிடும். அக்கா நாளைக்கு மூன்று கிளாஸ் குடிக்கிறாள், சீனி குறைவாக. அதையும் மருந்தாளர் அட்டையில் எழுதி வைத்திருக்கிறார்.