பிடி சொல்லித் தருபவர்: தமிழகக் கபடியில் தடுப்பாட்டப் பயிற்சி

பாடி வரும் எதிரணி வீரரை நடுக்கோட்டுக்குத் திரும்பவிடாமல் மடக்கும் வித்தையைக் கற்றுத் தருவதே கபடியில் தடுப்பாட்டப் பயிற்சி. தொட்டுவிட்டு ஓடி வருபவருக்குக் கைதட்டல் விழுகிறது. அவரை நிறுத்திய ஏழு பேரையும், அந்த ஏழு பேரை அப்படி நிற்கப் பழக்கியவரையும் பற்றிய பேச்சு குறைவுதான். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் தடுப்பாட்டத்துக்கென்றே தனிப் பயிற்சியாளர் உண்டு; வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் பட் ஃபாஸ்டர் 1987 முதல் 2019 வரை ஒரே அணியில் இருந்து, தன் தடுப்பாட்டத்தாலேயே பெயர் பெற்றார். நம் ஊர்க் கபடியில் அந்த வேலை நெடுங்காலம் பதவியும் சம்பளமும் இல்லாமலே நடந்துவந்திருக்கிறது.

திண்டுக்கல் சமவெளியில், ஆத்தூர் போன்ற ஊர்களைச் சுற்றிய கிராமங்களில், பொங்கலையும் கோயில் திருவிழாவையும் ஒட்டி ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்று சுவரொட்டி ஒட்டப்படும். சுழற்கோப்பை, ரொக்கப் பரிசு, விடிய விடிய ஆட்டம். இந்த அணிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர் பெரும்பாலும் ஆடி ஓய்ந்த உள்ளூர் அண்ணன், இல்லையென்றால் பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார். சுசீந்திரன் இயக்கி 2009இல் வந்த ‘வெண்ணிலா கபடிக்குழு’ இதே மாவட்டத்தின் பழனிப் பக்கத்துக் கிராம அணி ஒன்றின் கதைதான். சுசீந்திரன் ஒட்டன்சத்திரம் வட்டாரத்துக்காரர் என்பதால் அந்த மண்ணும் ஆட்டமும் படத்தில் ஒட்டாமல் நிற்கவில்லை. கிஷோர் ஏற்ற பயிற்சியாளர் வேடத்தை ரசிகர்கள் இன்றும் நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம், அப்படி ஒருவரை அவரவர் ஊரில் பார்த்திருப்பதே.

சடுகுடு என்று ஆடிய காலத்தில் பாடுபவரின் மூச்சுதான் கடிகாரம். மூச்சு அறும்வரை அமுக்கி வைத்திருந்தால் போதும். எனவே உடல்பலமுள்ளவரே நல்ல பிடிகாரர். 1950இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு உருவாகி விதிகள் ஒழுங்குபட்டன. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி பதக்க ஆட்டமானது. இன்று ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஒரு பாட்டுக்கு 30 நொடி. மண் போய் மேட் வந்தது, வெறுங்கால் போய் ஷூ வந்தது. மேட்டில் ரைடர், அதாவது பாடி வருபவர், திரும்பும் வேகம் கூடியதால், வெறும் பலத்தை நம்பிய பிடி பலிக்காமல் போயிற்று. பிடிப்பதையும் பாடமாகச் சொல்லித் தர வேண்டிய தேவை அங்கேதான் அதிகரித்தது.

அந்தப் பாடத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஏழு பேரில் இரு ஓரமும் நிற்பவர்கள் கார்னர்கள். உள்ளே தள்ளி நிற்பவர்கள் கவர்கள். ரைடர் போனஸ் கோட்டை நோக்கிக் காலை நீட்டுகிறார். கார்னர் உடனே பாய்ந்தால் கால் நழுவிவிடும். நீட்டிய கால் தரையில் பதிந்து, உடம்பின் பாரம் அதில் இறங்கும் அரை நொடிக்காக அவர் காத்திருக்க வேண்டும். பாரம் இறங்கியதும் தாழ்ந்து, இரண்டு கைகளாலும் கணுக்காலைக் கவ்வித் தன் நெஞ்சுப் பக்கம் இழுக்க வேண்டும். தலை ரைடரின் முழங்காலுக்கு நேரே போகக் கூடாது, போனால் அடி படும். அதே கணத்தில் பக்கத்துக் கவர் இடுப்பில் விழ வேண்டும். கவர் ஒரு நொடி தாமதித்தால் ரைடர் கார்னரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். பயிற்சியாளர்கள் ஓயாமல் கத்துவது ஒன்றைத்தான்: அட்வான்ஸ் போகாதே. அவசரப்பட்டுத் தனியாகப் பாயும் அந்தப் பிடியில்தான் புள்ளிகள் கொட்டிப் போகின்றன.

2014இல் தொடங்கிய புரோ கபடி லீக் தடுப்பாட்டத்தின் கணக்கையே மாற்றியது. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ களத்தில் இருக்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. தொடர்ந்து இரண்டு பாட்டுகள் வெறுமையாகப் போனால் மூன்றாவது ‘டூ ஆர் டை’. புள்ளி எடுக்காத ரைடர் வெளியே. இதனால் சும்மா நிற்பதுகூட ஒரு தாக்குதலாயிற்று. இரண்டு பாட்டுகளைப் பொறுமையாகக் கழித்துவிட்டால், மூன்றாவதில் ரைடர் தானாகவே ஆழத்துக்கு வந்தாக வேண்டும். அந்தப் பொறுமையை இருபது வயதுப் பையன்களுக்குள் ஏற்றுவது, பிடி கற்றுத் தருவதைவிடக் கடினமான வேலை.

அந்த முதல் சீசனிலேயே தமிழகப் பயிற்சியாளர் ஒருவர் கோப்பையைத் தொட்டார். காசிநாதன் பாஸ்கரன் பயிற்றுவித்த ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸ் இறுதிப் போட்டியில் யு மும்பாவை 35–24 என்று வென்றது. 2017இல் தமிழ் தலைவாஸ் அணி உருவானபோது அதன் முதல் பயிற்சியாளரும் அவரே.

ஆடிக்கொண்டிருக்கும்போதே பயிற்சியாளர் வேலையைச் செய்தவர் என்றால் தர்மராஜ் சேரலாதன். 1975இல் பிறந்த தஞ்சை மாவட்டத்துக்காரர். தடுப்பாட்டமே அவர் தொழில். கபடி வீரர்கள் முப்பதைத் தாண்டியதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் ஆட்டத்தில், நாற்பதைக் கடந்த பிறகே அவருடைய பெரிய ஆண்டு வந்தது. 2016 ஜூலையில் அவர் தலைமையில் பாட்னா பைரேட்ஸ், ஜெய்ப்பூரை 37–29 என்று வீழ்த்திப் பட்டம் வென்றது. அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பையில் இந்திய அணியிலும் இருந்தார். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 32–34 என்று தோற்ற இந்தியா, இறுதியில் ஈரானை 38–29 என்று வென்று கோப்பையை எடுத்தது.

2018இல் யு மும்பாவில் இடது ஓரம் ஈரானின் ஃபசல் அத்ராச்சலி, வலது ஓரம் சேரலாதன். வயதில் தன்னைவிட மிக இளையவரின் தலைமையில், களத்துக்குள் நின்றபடியே கவர்களை நகர்த்துவதும் அடக்குவதும் இவர் பொறுப்பாக இருந்தது. சக வீரர்களுக்கு அவர் ‘அண்ணா’. மறு ஆண்டு ஹரியானா ஸ்டீலர்ஸுக்குத் தலைவரானபோது வயது 44.

தடுப்பாட்டத்தின் அருமையை இந்தியா வலியோடு உணர்ந்ததும் அந்த 2018இல்தான். ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் அரையிறுதியில் ஈரான் 27–18 என்று இந்திய ஆண்கள் அணியை வீழ்த்தியது. 1990 முதல் கைவிட்டுப் போகாத தங்கம் போனது. பெண்கள் இறுதியிலும் ஈரானே வென்றது. அந்தப் பெண்கள் அணியைப் பயிற்றுவித்தவர் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். இங்கிருந்து போன அறிவு இங்குள்ளவர்களையே தோற்கடித்தது என்றால், பயிற்சியாளர்களை நாம் எவ்வளவு மதித்தோம் என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

தமிழ் தலைவாஸுக்கு நல்ல காலம் வந்ததும் தடுப்பாட்டத்தின் வழியாகவே. 2022இல் ஆஷன் குமார் பொறுப்பேற்ற பிறகு சாகர், சாஹில் குலியா என்ற இளம் கார்னர்களையும் அபிஷேக், மோஹித் என்ற கவர்களையும் கொண்ட அணி முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. புனேரி பல்டனிடம் 37–39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. 2024 சீசனுக்கு உதயகுமார் தலைமைப் பயிற்சியாளராகவும், சேரலாதன் வியூகப் பயிற்சியாளராகவும் நியமிக்கப்பட்டனர். தமிழகத்தின் பிடிகாரர் ஒருவருக்குத் தமிழக அணியிலேயே, அவர் கற்றதைக் கற்றுத் தருவதற்கென்று ஒரு நாற்காலி கிடைத்தது பெரிய செய்தி. அணி பிளே ஆஃப் சுற்றை எட்டவில்லை. 2025இல் சஞ்சீவ் பாலியான் பயிற்சியாளராக வந்தார். கார்னரும் கவரும் ஒருவர் மனம் ஒருவருக்குப் புரியும் அளவுக்குச் சேர்ந்து பழக ஒரு சீசன் போதாது என்பதை அறிந்தவர்களுக்கு, அந்த ஏற்பாடு இன்னும் சில ஆண்டுகள் நீடித்திருக்கலாமே என்ற ஆதங்கம் இருக்கிறது.