தூண்களில் எஞ்சிய கைகள்

பொலோஞ்ஞா நகரிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் புகையிரதம், பழத்தோட்டங்களும் நீர்க்கால்களும் நிறைந்த சமவெளியைக் கடந்து, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பொழுதில் ரவென்னாவை அடைகின்றது. உரோமாபுரி, புளோரன்ஸ், வெனிஸ் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு, இத்தாலி முழுவதையும் பார்த்துவிட்டதாக எண்ணித் திரும்புவோரே பெரும்பாலர். அவர்கள் பாராது விட்ட இச்சிறு நகரம் ஒருகாலத்தில் மேற்கு உரோமப் பேரரசின் தலைநகராக விளங்கியது என்றால் நம்புதல் அரிது. இதன் பழைய கோயில்கள் செங்கல்லாற் கட்டப்பட்டவை; புறத்தே அலங்காரம் ஏதுமின்றிப் பண்டகசாலைகளைப் போல நிற்பவை. செல்வமெல்லாம் உள்ளேதான் இருக்கின்றது.

கி.பி. 402 ஆம் ஆண்டில் ஒனோரியஸ் என்னும் பேரரசன் மிலான் நகரைக் கைவிட்டு இங்கே வந்து குடிபுகுந்தான். வடக்கிலிருந்து கோத்தியர் திரண்டு வந்துகொண்டிருந்த காலம் அது. ரவென்னாவைச் சூழ்ந்து கிடந்த சதுப்பு நிலம், எம்மதிலினும் வலிய அரணாக அவனுக்குத் தோன்றியது. அண்மையில் கிளாசே என்னும் துறைமுகமும் இருந்தது. அகஸ்டஸ் காலந்தொட்டு உரோமக் கடற்படை தங்கிய இடம் அது. இன்று அத்துறையைத் தேடிச் செல்பவர் வயல்வெளியையே காண்பர். ஆற்று வண்டல் சேரச் சேரக் கடல் பல மைல் தூரம் பின்வாங்கிவிட்டது. நகரமோ ஆண்டுக்காண்டு தாழ்ந்துகொண்டு வருகின்றது. புனித பிரான்சிஸ் கோயிலின் நிலவறையில் எப்போதும் நீர் நிற்கின்றது. பழைய தளத்தின் மேல் மீன்கள் நீந்துகின்றன.

476 ஆம் ஆண்டில் மேற்குப் பேரரசின் கடைசி மன்னனாகிய சிறுவனை ஒடோவாக்கர் என்னும் படைத்தலைவன் நீக்கிவிட்டுத் தானே ஆண்டான். அவன்மேற் படையெடுத்து வந்தவன் கிழக்குக் கோத்தியரின் அரசனான தியோடொறிக். மூன்றாண்டு முற்றுகையின் பின் இருவரும் சேர்ந்து ஆள்வதென உடன்படிக்கை செய்தனர். சில நாள்களுள், 493 ஆம் ஆண்டில், விருந்தொன்றில் வைத்துத் தன் விருந்தினனைத் தியோடொறிக் தன் கையாலேயே வெட்டிக் கொன்றான்.

இத்தகைய கொடுஞ்செயலோடு தொடங்கிய ஆட்சி முப்பத்துமூன்று ஆண்டுகள் பெரும்பாலும் அமைதியாக நடந்தது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. கோத்தியர் அரியூஸ் என்னும் குருவின் கொள்கையைப் பின்பற்றிய கிறிஸ்தவர்கள். (இப்பெயருக்கும் ஆரியர் என்னும் சொல்லுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.) குமாரனாகிய கிறிஸ்து பிதாவினாற் படைக்கப்பட்டவர், பிதாவுக்குச் சமமானவர் அல்லர் என்பது அவர்தம் கருத்து. இத்தாலிய மக்களோ கத்தோலிக்கர். தியோடொறிக் எவரையும் தன் மதத்துக்கு இழுக்கவில்லை. நம்பிக்கையைக் கட்டளையிட்டு உண்டாக்க முடியாது என்று ஜெனோவா நகரத்து யூதருக்கு அவன் திருமுகம் வரைந்தான். ரவென்னாவில் யூதரின் தொழுகைக்கூடங்கள் தீயிடப்பட்டபோது, அவற்றை மீளக் கட்டும் செலவை நகர மக்களே தருதல் வேண்டும் என ஆணையிட்டான். ஆனால் முதுமையில் ஐயம் அவனைப் பற்றிக்கொண்டது. பேரறிஞரான போயேத்தியஸ் அவன் ஆணையால் மாண்டார்.

இரு மதத்தாரும் அருகருகே வாழ்ந்தமைக்கு ரவென்னாவின் இரண்டு திருமுழுக்கு மண்டபங்களே சான்று. ஒன்று கத்தோலிக்கருடையது, மற்றது தியோடொறிக் காலத்து அரியூஸ் மதத்தாருடையது. இரண்டும் எண்கோண வடிவின. இரண்டின் கவிமாடத்திலும் கிறிஸ்து யோர்தான் ஆற்றில் முழுக்குப் பெறுகின்றார். இரண்டிலும் பன்னிரு சீடர் சுற்றி வருகின்றனர். சமய நூல் கல்லாத ஒருவரை இரண்டிலும் நிறுத்தி எது எவருடையது என்று வினவினால் விடை கிடைப்பது கடினம். மனிதர் ஒருவரையொருவர் வெறுத்தற்குக் காரணமான வேறுபாடு அவர்தம் ஓவியத்தில் இடம்பெறவேயில்லை.

தியோடொறிக் தன் அரண்மனைக்கு அருகே எழுப்பிய கோயில் இன்று புதிய புனித அப்பொலினாரே கோயில் எனப்படும். அதன் சுவர்களை நிறக் கண்ணாடித் துண்டுகளும் பொற்றகடு பொதிந்த துண்டுகளும் பதித்துச் செய்த மொசைக் ஓவியங்கள் மூடியுள்ளன. துண்டுகள் சற்றே சாய்த்துப் பதிக்கப்பட்டமையால், காண்பவர் ஓரடி நகரும்போதெல்லாம் ஒளியும் நகர்கின்றது. மேல்வரிசையில் கிறிஸ்துவின் வரலாறு 26 காட்சிகளில் அமைந்துள்ளது. கீழ்வரிசையில் ஒரு புறம் கிளாசேத் துறைமுகமும், எதிர்ப்புறம் அரசனின் அரண்மனையும் தீட்டப்பட்டிருந்தன. அரண்மனைத் தூண்களின் இடையே அரசவையினர் நின்றனர்.

540 ஆம் ஆண்டில் கொன்ஸ்தாந்திநோப்பிளிலிருந்து பேரரசன் யஸ்தினியனின் படை ரவென்னாவைக் கைப்பற்றியது. அரியூஸ் மதத்தாரின் கோயில்கள் யாவும் கத்தோலிக்கத் திருச்சபைக்கு மாற்றப்பட்டன. பின்னர், 560 ஆம் ஆண்டை அடுத்து, பேராயர் அக்னெல்லுஸ் இக்கோயிலைத் தூய்மை செய்தார். அரண்மனையில் நின்றோர் அனைவரும் சுவரிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டனர். அவர்கள் நின்ற இடங்களில் வெண்ணிறத் திரைச்சீலைகள் பதிக்கப்பட்டன. அரண்மனையிலிருந்து 26 வேதசாட்சிகளும், துறைமுகத்திலிருந்து 22 கன்னியரும் பீடத்தை நோக்கிச் செல்லும் ஊர்வலங்கள் சுவர்களை நிரப்பின. ஆடவர் வரிசைக்கு முதல்வராக நிறுத்தப்பட்டவர் அரியூஸின் கொள்கையை எதிர்த்த புனித மார்ட்டீன். கோயிலுக்கும் அப்போது அவர் பெயரே இடப்பட்டது.

ஆனால் வேலை முற்றாக நிறைவேறவில்லை. மாந்தர் இருந்த இடத்தை மூடலாம். அவர்கள் நீட்டிய கைகளோ இடையிலுள்ள தூண்களின் மேற் கிடந்தன. கைகளை அகற்றுவதாயின் தூண்களையும் பெயர்த்துப் புதிதாகப் பதித்தல் வேண்டும். கைவினைஞர் அதனைச் செய்யவில்லை. சோம்பலோ, பொருட்செலவுக்கு அஞ்சியதோ, பழைய வேலையின் அழகை அழிக்க மனம் ஒப்பாமையோ, அவர்கள் நெஞ்சத்தை எவரும் அறியார். வெண்ணிறத் தூண்களின் குறுக்கே, உடலற்ற கைகள் சில இன்றும் நீண்டு நிற்கின்றன. உற்று நோக்கினால், தலைகள் இருந்த இடங்களிலும் நிறம் சற்று வேறுபட்டிருப்பது தெரியும். தியோடொறிக்கைப் பற்றி யாதும் அறியாது உள்ளே வருபவரும், திரைச்சீலையைக் கடந்து வந்து நிற்கும் அக்கையைக் கண்டவுடன், யாருடைய கை இது என்று கேட்காமல் இருப்பதில்லை. அழித்தவரின் திரையே அழிக்கப்பட்டதைக் காட்டிக்கொடுக்கின்றது.

வென்றவரின் பெருமையைக் காண விரும்புவோர் புனித வித்தாலே கோயிலுக்குச் செல்லல் வேண்டும். 547 ஆம் ஆண்டில் அர்ச்சிக்கப்பட்ட அக்கோயிலில் யஸ்தினியனும் அவன் தேவி தியோடோராவும் பரிவாரங்களோடு எதிரெதிரே நிற்கின்றனர். அழகில் அதற்கு நிகரானவை மிகச் சில. ஆயினும் அவ்விருவரும் ரவென்னாவில் ஒருபோதும் கால் வைத்தவரல்லர். இங்கே வாழ்ந்து ஆண்டவனின் உருவம் போயிற்று. வாராதவர் உருவங்கள் நிலைத்தன.

தியோடொறிக்கின் கல்லறை நகருக்குப் புறத்தே தனித்து நிற்கின்றது. ஏறக்குறைய 10 மீற்றர் குறுக்களவும் 200 தொன்னுக்கு மேற்பட்ட நிறையும் உடைய ஒரே கல் அதன் கூரை. இஸ்திரியா நாட்டிலிருந்து கடல் வழியே அது கொண்டுவரப்பட்டது. உள்ளே ஊதாநிறக் கற்றொட்டி ஒன்று மட்டும் இருக்கின்றது. அதில் எலும்புகள் இல்லை.

வேறொரு காலத்தில், வேறொரு காரணத்தால், இந்நகரத்தின் இன்னொரு கல்லறையும் வெறுமையாயிற்று. 1302 ஆம் ஆண்டில் புளோரன்ஸ் நகரம் தன் பெருங்கவிஞர் தாந்தேயை நாடுகடத்தி, பிடிபட்டால் தீயிலிட்டுக் கொல்வதெனவும் தீர்ப்பளித்தது. அவர் ரவென்னாவில் அடைக்கலம் புகுந்து, 1321 ஆம் ஆண்டில் இங்கேயே காலமானார். இரு நூற்றாண்டு சென்றபின் புளோரன்ஸுக்கு அவர்மேல் அன்பு பிறந்தது. அந்நகரத்தவரான பத்தாம் லியோ பாப்பரசராக இருந்தமையால் 1519 ஆம் ஆண்டில் அனுமதியும் கிடைத்தது. கல்லறைக்கு வடிவம் அமைத்துத் தர மைக்கலாஞ்சலோவே முன்வந்தார். தூதர் வந்து திறந்தபோது உள்ளே உடலைக் காணோம். பிரான்சிஸ் சபைத் துறவிகள் மடத்துப் பக்கமாகச் சுவரைத் துளைத்து எலும்புகளை எடுத்து மறைத்துவிட்டனர். 1865 ஆம் ஆண்டில், கவிஞரின் அறுநூறாவது பிறந்தநாள் விழாவுக்கான வேலைகள் நடந்தபோதுதான், சுவரொன்றினுள் இருந்த மரப்பெட்டி கூலியாள் ஒருவரின் கண்ணிற் பட்டது.

புளோரன்ஸ் மக்கள் 1829 ஆம் ஆண்டில் சாந்தா குரோச்சே கோயிலில் எழுப்பிய தாந்தேயின் நினைவுக் கல்லறை வெறுமையாகவே இருக்கின்றது. ரவென்னாவில் அவர் கல்லறையின் உள்ளே தொங்கும் விளக்குக்கு வேண்டிய எண்ணெயை, ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பர் மாதத்தில், புளோரன்ஸ் நகரத்தார் கொண்டுவந்து கொடுக்கின்றனர்.