சூட்டை வென்றால் ஆயுள் கூடும்

பழைய ரேஞ்ச் ரோவர் டீசல் ஒன்றை வாங்கியவர் பட்டறையில் முதலில் கேட்கும் கேள்வி, "இழுவை போதவில்லை, கொஞ்சம் கூட்ட முடியுமா?" என்பதுதான். அனுபவமுள்ள மெக்கானிக் அதற்குப் பதில் சொல்லாமல் எதிர்க்கேள்வி கேட்பார்: "ரேடியேட்டரை எப்போது மாற்றினீர்கள்?"

வாங்கியவருக்கு இது சம்பந்தமில்லாத கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் இந்த வாகனத்தின் வரலாற்றைப் புரட்டினால், அந்த மெக்கானிக் கேட்டதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது விளங்கும்.

டீசல் ஏன் வந்தது?

ரேஞ்ச் ரோவர் 1970ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரிட்டனில் அறிமுகமானது. ஸ்பென் கிங் என்ற பொறியாளர் தலைமையில் உருவான இந்த வாகனம், காட்டுப் பாதையில் ஏறும் வலிமையையும் நெடுஞ்சாலையில் போகும் சுகத்தையும் ஒன்றாகத் தந்தது. வில்பட்டைகளுக்குப் பதிலாகச் சுருள்வில்கள், எப்போதும் நான்கு சக்கரங்களுக்கும் இழுவை, நான்கிலும் டிஸ்க் பிரேக் என எல்லாமே அன்று புதுமை. தொடக்கத்தில் உட்புறம் தண்ணீர் அடித்துக் கழுவும்படி எளிமையாக இருந்தது. நான்கு கதவுகள் வந்தது 1981இல்தான். தோலும் மரமும் சேர்ந்து அது முழுச் சொகுசு வாகனமானது அதன் பிறகுதான்.

அதன் 3.5 லிட்டர் வி-8 பெட்ரோல் எஞ்சின் அமெரிக்காவின் பியூக் நிறுவனத்தில் பிறந்தது. சத்தமில்லாமல் ஓடும், பெட்ரோலைத் தாராளமாகக் குடிக்கும். 1973, 1979 ஆகிய ஆண்டுகளின் எண்ணெய் நெருக்கடிகளுக்குப் பின் அந்தத் தாகம் பெரும் சுமையானது. பெரிய பெட்ரோல் எஞ்சின்களுக்குக் கூடுதல் வரி விதித்த ஐரோப்பிய நாடுகளில் விற்பனை சிரமப்பட்டது. டீசல் கட்டாயமாயிற்று.

முதல் முயற்சிக்கு ஐஸ்பர்க், அதாவது பனிப்பாறை என்று பெயர் வைத்தார்கள். பெர்கின்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து அதே வி-8 எஞ்சினை டீசலாக மாற்றும் திட்டம் அது. டீசல் எஞ்சினுக்குள் உண்டாகும் அழுத்தமும் வெப்பமும் பெட்ரோலைவிட அதிகம். அலுமினிய சிலிண்டர் ஹெட்டுகளும் கேஸ்கட்டுகளும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. பனிப்பாறை என்று பெயர் வைத்த திட்டம் சூட்டிலேயே கரைந்தது. 1983இல் அது கைவிடப்பட்டது.

இத்தாலியிலிருந்து ஓர் எஞ்சின்

மூன்று ஆண்டுகள் கழித்து, 1986இல், இத்தாலியின் வி.எம். மோட்டோரி நிறுவனத்தின் 2.4 லிட்டர் டர்போ டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது. சுமார் 112 குதிரைத்திறன். வாகனத்தின் எடையோ ஏறக்குறைய இரண்டு டன். இது ஓடுமா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு நிறுவனம் சோதனைத் தடத்தில் பதில் சொன்னது. 24 மணி நேரம், மணிக்குச் சராசரி 100 மைலுக்கு மேல் ஓட்டி, மொத்தம் 27 சாதனைகளைப் பதிவு செய்தது. 1987இல் மடகாஸ்கரில் நடந்த கேமல் டிராஃபி சாகசப் பயணத்திலும் டீசல் ரேஞ்ச் ரோவர்களே ஓடின.

இவ்வளவு பெருமை இருந்தும் அந்த எஞ்சினுக்குக் கெட்ட பெயர் ஏன் வந்தது? அதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி ஹெட் உண்டு. ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம் என்பது நல்ல வசதி. ஆனால் ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் வளையும், கேஸ்கட் போகும், கூலண்ட் கசியும். கசிந்ததைக் கவனிக்காமல் ஓட்டினால் அடுத்ததும் போகும். பராமரித்தவர்களுக்கு அது உழைத்தது. அலட்சியம் செய்தவர்களைக் கைவிட்டது.

1992இல் நிறுவனத்தின் சொந்தத் தயாரிப்பான 200 டி.டி.ஐ. எஞ்சினும், 1994இல் 300 டி.டி.ஐ. எஞ்சினும் வந்தன. இவை எளிமையானவை, பட்டறைக்கு இணக்கமானவை. 1993இல் நம் சபா காடுகளில் நடந்த கேமல் டிராஃபியில் சேற்றையும் ஆற்றையும் கடந்த டிஸ்கவரி வாகனங்களில் இருந்தது இந்த 200 டி.டி.ஐ. எஞ்சின்தான். பழைய வி.எம். எஞ்சினைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்திக்கொண்டவர்கள் பலர்.

1994இல் வந்த இரண்டாம் தலைமுறையில் பி.எம்.டபிள்யூ.வின் ஆறு சிலிண்டர், 2.5 லிட்டர் டீசல் எஞ்சின் இடம்பெற்றது. மென்மையாக ஓடும், ஆனால் கனமான உடலை இழுக்கத் திணறும். ரேடியேட்டர் அடைத்துக்கொண்டாலோ, விசிறியின் கிளட்ச் தளர்ந்தாலோ, ஹெட்டில் விரிசல் விழும் ஆபத்து இதிலும் உண்டு. ஐஸ்பர்க் திட்டத்தை வீழ்த்திய அதே எதிரி இங்கும் தொடர்ந்து வந்தது. உருப்படியான வி-8 டீசல் ரேஞ்ச் ரோவருக்குக் கிடைத்தது 2006இல்தான்: 3.6 லிட்டர், 272 குதிரைத்திறன்.

எதை முதலில் செய்வது?

இந்த வரலாறு சொல்லும் பாடம் ஒன்றே. இந்த வாகனங்களில் பலவற்றைச் சாகடித்தது சூடு. ஆகவே முதல் செலவு குளிர்விக்கும் அமைப்புக்கே போக வேண்டும். வெளியே பளபளப்பாகத் தெரியும் ரேடியேட்டர் உள்ளே பாதி அடைந்திருக்கலாம். ரேடியேட்டர், ரப்பர் குழாய்கள், தெர்மோஸ்டாட், தண்ணீர்ப் பம்ப், விசிறிக் கிளட்ச் அனைத்தையும் ஒரே வேலையாகப் பார்ப்பது நல்லது.

அடுத்து, கூலண்ட் குறைந்தால் ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவி. வெப்பமானியை மட்டும் நம்புவது ஆபத்து. கூலண்ட் முழுவதும் கசிந்துவிட்டால் உணர்கருவி வெறும் காற்றில் நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் பழைய இடத்திலேயே அமைதியாக இருக்கக்கூடும்.

டி.டி.ஐ. எஞ்சின் என்றால் டைமிங் பெல்ட் முக்கியம். அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். முந்தைய உரிமையாளரின் வாய்வார்த்தையை நம்பாமல், வாங்கியதும் மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

உடலையும் மறக்கக் கூடாது. வெளித்தகடுகளில் பெரும்பாலானவை அலுமினியம் என்பதால் துரு தெரியாது. அடியில் இருக்கும் எஃகுச் சட்டம் மறைவாக அரித்துக்கொண்டிருக்கும். 1992இல் அறிமுகமான காற்று சஸ்பென்ஷனில் ரப்பர்ப் பைகள் காலப்போக்கில் வெடிக்கும், காற்று கசியும். பலர் அதைக் கழற்றிச் சுருள்வில்லுக்கு மாறினார்கள். பைகளையும் வளையங்களையும் உரிய நேரத்தில் மாற்றியவர்களோ அந்த மெத்தென்ற ஓட்டத்தை இன்றும் அனுபவிக்கிறார்கள்.

இவையெல்லாம் முடிந்த பிறகே இழுவையைக் கூட்டும் பேச்சு. பெரிய இன்டர்கூலர் காற்றைக் குளிர வைத்து அடர்த்தியாக்கும். அதன் பின் டீசலைச் சற்றுக் கூட்டலாம். காற்றைக் கூட்டாமல் டீசலை மட்டும் கூட்டினால் கரும்புகை வரும், வெப்பம் ஏறும். கெந்திங் போன்ற நீண்ட ஏற்றத்தில் அதன் விலை தெரிந்துவிடும்.

மலேசிய உரிமையாளர்களுக்கு இன்னொரு கவனமும் தேவை. செம்பனை எண்ணெயிலிருந்து கிடைக்கும் உயிரி டீசலின் கலவை 2019இல் 10 விழுக்காடானது. இந்தக் கலவை பழைய வகை ரப்பர் எரிபொருள் குழாய்களை மெல்ல இளக்கும். தொட்டியில் படிந்த அழுக்கைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும். குழாய்களை உயிரி டீசலைத் தாங்கும் வகைக்கு மாற்றுவதும், ஃபில்டரை அடிக்கடி மாற்றுவதும் அதிகச் செலவில்லாத காப்பு.

செலவு என்றதும் இன்னொரு கணக்கு நினைவுக்கு வரும். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் ஒரு லிட்டர் டீசல் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு உயர்ந்தது. மலிவான எரிபொருளுக்காகப் பழைய டீசலை வைத்திருந்தவர்களுக்கு அன்று அந்தக் காரணம் பலமிழந்தது. அதற்குப் பிறகும் அதை விற்காமல் வைத்திருப்பவருக்கு, அந்த வாகனத்தின் மீது பற்று இருக்க வேண்டும். பற்று மட்டும் எஞ்சினைக் காப்பாற்றாது. புறப்படுமுன் இரண்டு நிமிடம் செலவிட்டு, ஆறிய எஞ்சினின் மூடியைத் திறந்து கூலண்ட் அளவைப் பார்க்கும் பழக்கம்தான் காப்பாற்றும்.