உக்குவளை மின்னும் லயத்து இருளும்: ஒரு வரலாற்று நோக்கு

மகாவலி கங்கையைப் பொல்கொல்லையில் மறித்து, அதன் நீரை ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் நீளமான சுரங்கவழியே செலுத்தி, மாத்தளை மாவட்டத்து உக்குவளையில் மின்பிறப்பிக்கத் தொடங்கியது 1976ஆம் ஆண்டிலாகும். இரு பொறிகளும் சேர்ந்து ஏறத்தாழ 40 மெகாஉவாற்று வலுவுடையன. பொறிகளைச் சுழற்றிய நீர் சுது கங்கையிற் கலந்து, அம்பன் கங்கை வழியாக வரண்ட பிரதேச வயல்களை நாடிச் சென்றது. மின்னோ உயரழுத்தக் கம்பிகளில் ஏறித் தேசிய மின்தொகுதியிற் சேர்ந்தது. மாவட்டத்துத் தோட்ட லயங்கள் பலவற்றில் அதன் பின்னரும் நெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்தது. இதற்குக் காரணம் மின்னின் இயல்பா, மாந்தரின் ஏற்பாடா என்பதை ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது. கலைப்பீட மாணவன் கணக்கிலே கைவைப்பது துணிகரமே. எனினும், கணக்கை விலக்கிவிட்டு இவ்வரலாற்றை எழுதுதல் இயலாது.

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுக்கத் தடை பெறப்படும் என்னும் விதியை ஜேர்மனிய ஆசிரியரான ஜோர்ஜ் சைமன் ஓம் 1827இல் நூலாக வெளியிட்டார். தாய்நாட்டில் அதற்கு உரிய வரவேற்பு உடனே கிட்டவில்லை; 1841இல் இலண்டன் றோயல் கழகமே கொப்லி பதக்கம் அளித்து அவரைப் பாராட்டிற்று. அதே ஆண்டில் ஆங்கிலேயரான ஜூல், கம்பியிற் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் தடையையும் பொறுத்தது என்பதைப் பரிசோதனை வாயிலாக வெளியிட்டார். அழுத்தத்தை மின்னோட்டத்தாற் பெருக்கினால் வலு வரும். 230 வோல்ற்றில் எரியும் 60 உவாற்று மின்குமிழ் ஏறத்தாழ 0.26 அம்பியரை ஏற்கும். எரியும்போது அதன் தடை 880 ஓம் அளவினதாகும்.

இனி உக்குவளைக்கு வருவோம். மூன்று கட்ட முறையின் நுணுக்கங்களை விடுத்து, போக்குவரத்துக் கம்பியின் தடை ஒரு ஓம் எனக் கொள்வோம். 40 மெகாஉவாற்றை 132,000 வோல்ற்றில் அனுப்பின், கம்பியில் 303 அம்பியர் ஓடும். வெப்பமாய் இழக்கப்படுவது 92 கிலோஉவாற்று மட்டுமே. 33,000 வோல்ற்றில் அனுப்பின் மின்னோட்டம் நான்கு மடங்காகும். இழப்போ பதினாறு மடங்காகும். வீட்டுக்குரிய 230 வோல்ற்றிலேயே அனுப்புவோமெனின் 173,900 அம்பியர் வேண்டும். ஆனால் ஒரு ஓம் தடையினூடு 230 வோல்ற்று செலுத்தவல்லது 230 அம்பியர் மாத்திரமே! மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளின் வலுவை நாட்டுக்குப் பயன்படுத்தலாம் என்று 1918இல் டி. ஜே. விமலசுரேந்திர எடுத்துரைத்ததும், லக்ஷபான நிலையம் 1950இல் தொழிற்படத் தொடங்கியதும் இக்கணக்கை நம்பியேயாம்.

ஆகவே, "தலைக்கு மேலே கம்பி போகிறது, வீட்டில் விளக்கில்லை" என்ற தோட்டத்து முறைப்பாட்டுக்கு மின்னியலில் ஒரு விடை உண்டு. 132,000 வோல்ற்றுக் கம்பியிற் குமிழை மாட்ட இயலாது. அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைக்கும் மின்மாற்றிகள் வேண்டும். நியாயமான விடைதான். ஆயினும் அயற்கிராமங்களுக்கு அம்மின்மாற்றிகள் வந்தன. மலையகத் தோட்டங்கள் பலவற்றின் தேயிலைத் தொழிற்சாலைகளோ ஆங்கிலேயர் காலத்திலேயே ஓடை நீரில் மின்னெடுத்துப் பொறிகளை ஓட்டின. கம்பெனித் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின. எனவே 1976இல் மின்நிலையத்தின் உடைமையாளரும் லயத்தின் உடைமையாளரும் அரசே என்பது கருதற்பாலது.

அவ்வாறாயின், ஓமில் அளக்கவியலாத தடையை வேறிடத்தில் தேடவேண்டியுள்ளது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. வாக்கற்றவர் வாழிடத்தை நாடி மின்கம்பம் விரைந்து வருவதில்லை. குடியிருந்தோருக்கு லயத்தறையில் உரித்து இல்லாமையால், இணைப்புக்கும் தோட்ட நிருவாகத்தின் இசைவு தேவைப்பட்டது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமோ, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளிற் செலவிடுவதற்கு இடையூறாய் அமைந்தது. அது திருத்தப்பட்டது 2018இலேயாம். மாத்தளை மாவட்டத்தில் உக்குவளைக்கும், 1981இல் இயங்கத் தொடங்கிய போவத்தென்னவுக்கும் அடுத்ததாக மொறகஹகந்த மின்நிலையம் திறக்கப்பட்டதும் அதே 2018இல்தான்.

மின் வந்த பின்னரும் கணக்கு ஓயவில்லை. என் அம்மாயி வாழ்ந்த லயத்திற்கு ஒற்றை மெல்லிய கம்பியிலிருந்தே அறை அறையாக இணைப்புக் கொடுத்திருந்தனர். அத்தகைய கம்பியின் தடை 3 ஓம் என்றும், மாலையில் அனைவரும் விளக்கேற்றிக் கேத்தலும் வைக்கையில் 10 அம்பியர் ஓடுவதாகவும் கொள்க. கம்பியிலேயே 30 வோல்ற்று வீழ்ந்துவிடும். கடையறைக்கு எஞ்சுவது 200 வோல்ற்று. 60 உவாற்றுக் குமிழ் அங்கு 45 உவாற்று அளவே எரியும். இழந்த 300 உவாற்றோ ஜூல் கூறியவாறே வெப்பமாகிக் கூரைமரத்தை ஒட்டிய கம்பியைச் சுடுவிக்கும். லயத் தீவிபத்துகளைப் பற்றிய பேச்சில் பழைய கம்பிகள் அடிக்கடி குறிப்பிடப்படுவது ஏன் என்பது இதனால் விளங்கும். குறுக்குவெட்டு இருமடங்கான கம்பியை இட்டிருப்பின் தடை 1.5 ஓமாகக் குறைந்திருக்கும்; குமிழும் 52 உவாற்று அளவில் எரிந்திருக்கும்.

அம்மாயியின் அறை அவ்வரிசையிற் கடைசி அறை. மின் வந்த பின்னும் அவர் குப்பி விளக்கை எறிந்துவிடவில்லை; மாலை ஏழு மணியானதும் அடுப்படியில் அதனையும் ஏற்றி வைப்பார்.